இடுப்புவலி மாத்திரை போகும் வழி

"அண்ணாச்சி, இடுப்புவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." தூத்துக்குடியில் மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் கேட்கிற குரல்தான் இது. உப்பளத்தில் பொழுதெல்லாம் உப்பு வாரிய மனைவிக்காக வீட்டுக்காரர் வாங்கிப் போகலாம். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கரையில் முத்துக் குளித்தவர்கள் ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போய் வந்தார்கள். வயிற்றுப் பிள்ளையோ ஒன்பது மாதமும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அதன் நுரையீரலுக்குள்ளும் நீர்தான். ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வந்துவிடுகிறது. சுவாசிக்காத நுரையீரலுக்கு எதற்கு அத்தனை ரத்தம்? அதனால் இதயத்தை ஒட்டி ஒரு குறுக்குவழி இருக்கிறது. நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதியை உடலின் பெருந்தமனிக்குத் திருப்பிவிடும் சிறு குழாய் அது. பெயர் தமனி நாளம்.

அதைத் திறந்து வைத்திருப்பதில் பெரும்பங்கு புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதித் தூதுவனுக்கு. எனக்குத் தீராத வியப்பு இங்கேதான். அம்மாவின் இடுப்பில் வலியைக் கூட்டுவதும் அதே தூதுவர் குடும்பம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன, வலி தணிகிறது. ஆனால் இடுப்பு எது, பிள்ளையின் இதயம் எது என்று மாத்திரைக்குத் தெரியாது. கடைசி மூன்று மாதங்களில் அந்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கிவிடக்கூடும்.

நடுவில் காவலுக்கு நஞ்சுக்கொடி இருக்கிறதே? இருக்கிறது. அரைக்கிலோ எடைதான், அதன் நுண்விரல்களை எல்லாம் விரித்தால் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் தரை அளவு வரும். பெரிய மூலக்கூறான இன்சுலினை அது பெரும்பாலும் தடுத்துவிடும். ஐபுபுரூஃபனின் எடையோ இன்சுலினில் ஏறத்தாழ 28-இல் ஒரு பங்கு. தடையில்லாமல் நுழைந்துவிடும்.

பிள்ளையின் சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராக ஓடவும் இதே தூதுவன் வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீர்தான். இந்த வகை மாத்திரைகளால் அந்த நீர் குறையலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது.

பாராசிட்டமால்தானே என்று வாங்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ஐபுபுரூஃபனும் சேர்ந்திருக்கலாம். கர்ப்பிணிக்கு என்று கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கியதை விழுங்குமுன் மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேளுங்கள்.

பிள்ளை பிறந்து மூச்சு இழுத்ததும், ஓரிரு நாளில் அந்தக் குழாய் தானாகவே மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு மூடாமல் போவதுண்டு. அதை மூட மருத்துவர்கள் அளந்து கொடுக்கும் மருந்துகளில் ஒன்று, அதே ஐபுபுரூஃபன்.