ஸ்போர்ட் வேகன்: புதுசா, பழசா?

"பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறான்" என்று தெரிந்துவிட்டால் போதும். சொந்தபந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் நமக்குத்தான் அழைப்பு வரும். "தம்பி, ஒரு எட்டு வந்து பாருப்பா. நீ சரின்னா அட்வான்ஸ் கொடுத்துடலாம்." டயரை ஓர் உதை உதைத்து, ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி, "இன்ஜின் சூப்பரா இருக்குண்ணே" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஒரு குடும்பம் பல வருடச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறது!

அந்தக் காலத்தில் மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டும் பார்ப்பார்கள். வண்டிக்கும் பல் உண்டு, சுழி உண்டு. அவற்றைப் பார்க்கும் முறையை ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த வண்டி ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பேர் வாங்கிய சுபாரு இம்ப்ரெஸா ஸ்போர்ட் வேகன். நம் ஊரில் விற்காத வண்டி எதற்கு என்று கேட்கலாம். அதன் பலமும் பலவீனமும் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம் என்பதால் பாடம் படிக்க அது நல்ல வண்டி.

வேகன் என்றால் என்ன?

செடான் காரின் கூரையைப் பின்பக்கம் டிக்கி வரை நீட்டி, மேலே தூக்கும் கதவு ஒன்று வைத்தால் அது ஸ்டேஷன் வேகன். பின்சீட்டை மடக்கினால் சைக்கிளையே உள்ளே வைக்கலாம். நம் நாட்டிலும் மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்ஸா ஸ்விங், டாடா இண்டிகோ மெரினா என்று சில வேகன்கள் வந்தன. எதுவும் நிலைக்கவில்லை.

இதே வேகனுக்குச் சக்தியுள்ள இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கொடுத்தால் ஸ்போர்ட் வேகன். குடும்பத்துக்கும் ஆகும், வேகத்துக்கும் ஆகும். சிக்கலும் இங்கேதான். பழைய ஸ்போர்ட் வேகன் ஒன்று விலைக்கு வரும்போது, அது பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட வண்டியா, ராத்திரியில் ரேஸ் விட்ட வண்டியா என்பது பெயின்ட்டைப் பார்த்தால் தெரியாது.

கார்த்திகை நட்சத்திரமும் ராலி பந்தயமும்

நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் அழைக்கும் நட்சத்திரக் கூட்டத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சுபாரு. கம்பெனியின் சின்னத்திலும் ஆறு நட்சத்திரங்கள் உண்டு. இம்ப்ரெஸா 1992ல் வந்தது. உலக ராலி பந்தயத்தில் 1995ல் காலின் மெக்ரே, 2001ல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003ல் பெட்டர் சோல்பெர்க் ஆகிய மூவரும் இம்ப்ரெஸா ஓட்டி சாம்பியன் ஆனார்கள்.

அமெரிக்காவுக்கு 2002 மாடலாக வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸ். வேகனில் 2 லிட்டர் டர்போ இன்ஜின், 227 குதிரைத்திறன். அதே உடலில் டர்போ இல்லாத 2.5 லிட்டர் இன்ஜினும் கிடைத்தது, அதற்கு 165 குதிரைத்திறன். இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும். இரண்டிலும் பிஸ்டன்கள் படுத்த நிலையில் எதிரெதிராக ஓடும் பாக்ஸர் இன்ஜின். இன்ஜின் தாழ்வாக உட்காருவதால் வண்டியின் ஈர்ப்பு மையமும் தாழ்கிறது, வளைவில் வண்டி சாய்வது குறைகிறது.

புதிதாக வாங்கினால்

புது வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு பொருள் வாங்குகிறோம். ஒன்று வண்டி. மற்றொன்று நிம்மதி. அமெரிக்காவில் சுபாரு தரும் உத்தரவாதம் பொதுவாக 3 ஆண்டு அல்லது 36,000 மைல். இன்ஜின், கியர்பாக்ஸ் வகையறாவுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல். முன்னால் ஓட்டியவர் யார் என்ற கேள்வியே இல்லை. புதிய இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கிறது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான், ஷோரூமை விட்டு வெளியே வந்த அன்றே மதிப்பு இறங்கும் நஷ்டத்தை முதல் ஆள் ஏற்றுக்கொள்கிறார்.

ஆனால் புதுசில் எல்லாம் கிடைத்துவிடாது. அமெரிக்காவில் 2024 மாடல் இம்ப்ரெஸா ஐந்து கதவு வண்டியாக மட்டுமே வந்தது. டர்போ கிடையாது, கையால் போடும் கியரும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 2022ல் வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஸ்போர்ட்வேகனில் 2.4 லிட்டர் டர்போ உண்டு, ஆனால் அதிலும் ஆட்டோமேட்டிக்தான். ஆகவே டர்போ, கை கியர், வேகன் மூன்றும் சேர்ந்து வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவர் பழைய வண்டி பக்கம்தான் போக வேண்டும். அங்கே போகிறவருக்கு உத்தரவாதம் யார்? அவருடைய கண்ணும் கையும்தான்!

பழையது: எங்கே பார்க்க வேண்டும்?

முதலில் டைமிங் பெல்ட். அந்த இன்ஜின்களில் அதை 1,05,000 மைலுக்கு, அதாவது சுமார் 1,69,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நிற்க, பிஸ்டன் வந்து மோதும். இன்ஜின் காலி! வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் பெல்ட், பம்ப், டென்ஷனர் எல்லாவற்றையும் ஒரே வேலையாக மாற்றுவதே சிக்கனம். இதில் ஒரு பாடம் இருக்கிறது. 95,000 மைல் ஓடி பெல்ட் மாற்றாத வண்டியும், 1,15,000 மைல் ஓடி பெல்ட் மாற்றி பில் வைத்திருக்கும் வண்டியும் ஒரே விலைக்கு வந்தால் பலரும் முதல் வண்டிக்குத்தான் பாய்வார்கள், "கம்மியா ஓடியிருக்கு" என்று. ஆனால் முதல் வண்டி வாங்கியவுடன் பெல்ட் செலவு வாசலில் வந்து நிற்கும்.

இரண்டாவது ஹெட் கேஸ்கெட். டர்போ இல்லாத 2.5 லிட்டர் இன்ஜினின் பேர்போன நோய் இது. பாக்ஸர் இன்ஜினில் ஹெட்டுகள் இருபக்கமும் படுத்திருக்கின்றன. கசிவு பெரும்பாலும் ஹெட்டும் பிளாக்கும் சேருமிடத்தின் கீழ் விளிம்பில் ஆரம்பிக்கும். மேலே இருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்து, அடியில் போய்ப் பாருங்கள். ஆயில் ஈரமோ கூலன்ட் காய்ந்த தடமோ தெரியும். கூலன்ட் டேங்க்கில் குமிழி வருகிறதா, இனிப்பு வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். "இப்பதான் இன்ஜினை வாஷ் பண்ணினேன்" என்று விற்பவர் சொன்னால் ஒரு வாரம் ஓட்டவிட்டு மறுபடி பாருங்கள். கழுவின இன்ஜின் தடயம் அழித்த இன்ஜின்! டர்போ இன்ஜினில் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது டர்போ. 2 லிட்டர் டர்போ இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதம் 8.0 மட்டுமே. எனவே குறைந்த வேகத்தில் வண்டி கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். டர்போ சுற்ற ஆரம்பித்ததும் தள்ளிக்கொண்டு போகும். அந்தத் தள்ளலே வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். எக்ஸாஸ்டில் நீலப் புகையா? ஆயில் எரிகிறது. முன்பு ஓட்டியவர் பூஸ்ட்டை ஏற்றியிருக்கிறாரா, வேறு சைலன்ஸர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கியர் மாற்றும்போது "புஸ்ஸ்" என்று காற்றை வெளியே விடும் வால்வு பொருத்தியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. சென்ஸார் அளந்து கணக்கில் எடுத்த காற்று அது. அதை வெளியே விட்டால் உள்ளே பெட்ரோல் கூடிப்போகும். சத்தத்துக்காக அதைப் போட்டவர் வண்டியை மெதுவாக ஓட்டியிருப்பாரா என்று யோசியுங்கள். முதல் இரண்டு கியரில் கரகரப்பு வந்தாலும் அதே சந்தேகம்தான்.

நான்காவது டயர். இதை யாருமே பார்ப்பதில்லை! கை கியர் வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல், அதோடு விஸ்கஸ் கப்ளிங். அதனுள் சிலிக்கோன் திரவம் இருக்கிறது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் திரவம் சூடாகி இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும். சேற்றில் இது வரப்பிரசாதம். ஆனால் நான்கு டயரும் ஒரே அளவில் இல்லையென்றால் நேர் ரோட்டில் கூட வேக வித்தியாசம் ஓயாது. திரவம் எந்நேரமும் வெந்துகொண்டே இருந்து கடைசியில் கப்ளிங் கெட்டுவிடும். அதனால் டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றளவில் 6 மி.மீ. என்றால் விட்டத்தில் சுமார் 2 மி.மீ., டயர் பட்டன் ஆழத்தில் வெறும் 1 மி.மீ.! மூன்று டயர் 5 மி.மீ. பட்டனோடு இருக்க, ஒன்றை மட்டும் 8 மி.மீ. உள்ள புது டயராக மாற்றினால் சுற்றளவு வித்தியாசம் கிட்டத்தட்ட 19 மி.மீ. வரம்பைப் போல மூன்று மடங்கு. ஆக, ஒரு டயர் கிழிந்தால் நான்கு டயர் செலவு வரலாம். வண்டியில் நான்கு பிராண்டில் நான்கு டயர் இருந்தால் ஓனரின் பராமரிப்பு எப்படி என்று டயரே சொல்லிவிடும். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி மெதுவாக வட்டம் போடுங்கள். வண்டி திக்கித் திக்கி இழுத்தால் கப்ளிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்தாவது துரு. அமெரிக்காவில் பனி கொட்டும் மாநிலங்களில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். பின்சக்கர வளைவு, அடிச்சட்டம், பிரேக் பைப் மூன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். நம் கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்கும் இது பொருந்தும்.

உயிர் சம்பந்தப்பட்டது

ஆறாவது ஏர்பேக். மேலே சொன்ன ஐந்தும் பணம். இது உயிர். டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் அது கெட்டு, ஏர்பேக் விரியும்போது உறையே வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்தன. பல நாடுகளில் ஆட்கள் இறந்தார்கள். கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, 2017ல் டகாட்டா திவாலானது. 2004 மாடல் முதலான பல இம்ப்ரெஸாக்களும் அந்தப் பட்டியலில் உண்டு. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால், மாற்றியாயிற்றா இல்லையா என்பது தெரிந்துவிடும். மாற்றுவது இலவசம். மாற்றாத வண்டியில் குடும்பத்தை உட்கார வைக்கக் கூடாது.

பேட்ஜ் வேறு, வண்டி ஒன்று

ஸ்வீடனின் சாப் கம்பெனி 2005, 2006 மாடலாக 9-2எக்ஸ் என்று ஒரு வேகனை வட அமெரிக்காவில் விற்றது. உள்ளே அச்சு அசல் இம்ப்ரெஸா வேகன்! ஜப்பானில் சுபாருவே செய்து கொடுத்தது. அப்போது ஜெனரல் மோட்டார்ஸுக்கு இரண்டு கம்பெனியிலும் பங்கு இருந்தது. சாப் 2011 டிசம்பரில் திவாலானது. பேட்ஜைப் பார்த்து ஒதுக்கத் தேவையில்லை, இன்ஜினுக்கும் கியருக்கும் சுபாரு பார்ட்ஸே பொருந்தும். ஆனால் முன்பக்கம் இடித்துவிட்டால் சாப்புக்கென்றே செய்த ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் அலைய வேண்டும்.

இது நமக்கும் புதிதல்ல. இம்ப்ரெஸாவின் அடித்தளத்தில் உருவான ஃபாரஸ்டரை 2004ல் இந்தியாவில் செவர்லே பெயரில் விற்றார்கள். 2017 கடைசியோடு செவர்லே இங்கே விற்பனையை நிறுத்தியது. வாங்கும் முன் "இதுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பது இதனால்தான்.

கடைசிக் கணக்கு

வண்டியின் உண்மையான விலை, கொடுத்த பணம் மட்டுமல்ல. கொடுத்த பணம், முதல் இரண்டு வருட ரிப்பேர், பெட்ரோல், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டி, திரும்ப விற்றால் கிடைப்பதைக் கழித்தால் வருவதே விலை. 227 குதிரைத்திறன் டர்போவுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். 165 குதிரைத்திறன் இன்ஜின் சாதாரண பெட்ரோலிலேயே ஓடும். "ஸ்போர்ட்" என்ற வார்த்தைக்கு ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் வாடகை கொடுக்கிறோம்.

என் முடிவு இதுதான். வேலைக்குப் போக, பிள்ளைகளை ஏற்றிப் போக ஒரே ஒரு வண்டி, அது ஒருநாள் நின்றாலும் வீடு ஸ்தம்பிக்கும் என்றால் புதியது வாங்கலாம். இல்லையேல் உத்தரவாதம் மிச்சமுள்ள இரண்டு மூன்று வருட வண்டியை வாங்கலாம். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்து, வீட்டில் வேறு வண்டியும் இருந்தால் பழைய டர்போ வேகன் நல்ல ஆசான். அப்போதும் குறைவாக ஓடிய வண்டியைத் தேடாமல், பில்கள் உள்ள வண்டியைத் தேடுங்கள். கம்ப்ரெஷன் கேஜ், டயர் டெப்த் கேஜ், டார்ச் மூன்றும் பையில் இருக்கட்டும். சரித்திரம் தெரியாத வண்டி எவ்வளவு பளபளத்தாலும், "வேண்டாம்" என்று சொல்லும் தைரியமும் நம் டிப்ளமோவில் ஒரு பாடம்தான் நண்பர்களே!