சூரியனைப் பார்க்க வந்தவர்கள்

கிரேக்கத் தீவான சான்டோரினியின் அழகு பாறை விளிம்பில் இருக்கிறது. ருசி உள்ளே வயல்களில் இருக்கிறது. முதலாவதைத் தேடி வரும் கூட்டம் இரண்டாவதை விழுங்கிவருகிறது.

ஜூலை மாத மாலை, எட்டு மணி. தீவின் வட முனையிலுள்ள ஈயா கிராமத்தில் பழைய கோட்டையின் இடிபாடுகள் மீது கால்வைக்க இடமில்லை. பலர் இரண்டு மணி நேரம் முன்பே வந்து இடம் பிடித்தவர்கள். எட்டரை மணிக்குமேல் சூரியன் ஏஜியன் கடலில் இறங்குகிறது. கூட்டம் கைதட்டுகிறது. அடுத்த பத்து நிமிடத்தில் குறுகலான தெரு வழியாக எல்லோரும் பஸ் நிலையத்தை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். வந்தவர்களில் பலருக்கு சான்டோரினி அவ்வளவுதான்.

தீவின் மக்கள்தொகை சுமார் 15,500. ஆனால் 2023-ல் மட்டும் இங்கு வந்தவர்கள் ஏறக்குறைய 34 லட்சம் பேர். உச்ச நாட்களில் உல்லாசக் கப்பல்களிலிருந்தே 17,000 பேர்வரை இறங்கியதுண்டு. திணறிப்போன நிர்வாகம், கப்பலில் வருபவர்களின் எண்ணிக்கைக்கு 2025 முதல் நாளொன்றுக்கு 8,000 என்று வரம்பு விதித்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து கோடை உச்ச மாதங்களில் ஆளுக்கு 20 யூரோ கட்டணமும் வசூலிக்கத் தொடங்கியது.

பார்க்க வேண்டியது இல்லாமல் இவ்வளவு பேர் வரவில்லை. கி.மு. 1600 வாக்கில் வெடித்த எரிமலை தீவின் நடுப்பகுதியை விழுங்கியது; அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. எஞ்சிய பிறைவடிவ நிலத்தின் விளிம்பில், கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைமீது வெள்ளை வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் ஏழை மாலுமிகள் குடியிருந்த ஈயாவின் குகை வீடுகள் பல இன்று நீச்சல்குளம் வைத்த சொகுசு விடுதிகள்.

தலைநகர் ஃபிராவின் பழைய துறைமுகத்திலிருந்து மேலே வர மூன்று வழிகள்: கேபிள் கார், சுமார் 600 படிகள், அல்லது கழுதை. கழுதைகள் படும் பாட்டைக் கண்டு எழுந்த கண்டனத்தால், 100 கிலோவுக்கு மேல் அவற்றின்மீது ஏற்றக்கூடாது என்று கிரேக்க அரசு 2018-ல் உத்தரவிட்டது.

தெற்கே அக்ரோத்திரி இன்னொரு உலகம். ஸ்பிரிடான் மாரினாதோஸ் என்ற தொல்லியல் அறிஞர் 1967-ல் அகழத் தொடங்கியபோது, எரிமலைச் சாம்பலுக்கடியில் ஒரு வெண்கலக் கால நகரமே கிடைத்தது. மாடி வீடுகள், வடிகால்கள், தானிய ஜாடிகள், சுவர் ஓவியங்கள். வெடிப்பில் மாண்டவர்களின் எலும்புகள் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருக்க வேண்டும். ஃபிரா அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியம் ஒன்றில் நீலக் குரங்குகள் தாவுகின்றன. அவை இந்தியத் துணைக்கண்டத்தின் லங்கூர்களாக இருக்கலாம் என்று 2019-ல் ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள்.

சாம்பலில் விளைந்த சாப்பாடு

அக்ரோத்திரியின் ஜாடிகளில் கிடைத்த ஒரு பருப்பு இன்றும் தீவின் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. பெயர் ஃபாவா. மஞ்சள் நிறப் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, நறுக்கிய பச்சை வெங்காயத்தைத் தூவித் தருகிறார்கள். தமிழ் நாக்குக்கு இது பருப்புக் கடைசலின் தூரத்துச் சொந்தம். தாவரவியலிலும் சொந்தம் உண்டு: இந்தியாவில் சர்ச்சைக்குள்ளான கேசரிப் பருப்பும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

சிறு தக்காளிகளைப் பிசைந்து, வெங்காயமும் புதினாவும் மாவும் சேர்த்துப் பொரித்தெடுக்கும் தொமாத்தோகெஃப்தேதெஸைத் தக்காளி வடை என்று சொன்னால் தப்பில்லை. விதை குறைந்த வெள்ளைக் கத்தரிக்காயும் தீவின் பெருமை. மாமிசம் தொடாத இந்தியப் பயணி இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இந்த ருசிக்குக் காரணம் வறட்சி. தீவில் ஆறு கிடையாது, மழையும் சொற்பம். எரிமலை மண் இரவின் ஈரப்பதத்தை உறிஞ்சிவைத்துச் செடிக்குக் கொடுக்கிறது. காய் சிறுக்கிறது, சுவை திரள்கிறது. திராட்சைக் கொடியைக்கூட இங்கே பந்தலில் ஏற்றுவதில்லை. காற்றிலிருந்து காப்பாற்ற, தரையிலேயே கூடைபோல் சுற்றிப் பின்னுகிறார்கள். பழம் கூடைக்குள் ஒளிந்து பழுக்கிறது. புகழ்பெற்ற அஸீர்த்திகோ ஒயின் இந்தக் கூடைகளிலிருந்துதான் வருகிறது.

ஆனால் கூடை பின்னுவது முதுகு ஒடியும் வேலை. அதே நிலத்தில் நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டால் கிடைப்பதோடு திராட்சையோ பருப்போ போட்டிபோட முடியாது. வயல்கள் விடுதிகளாகின்றன. இளைஞர்கள் வரவேற்பறைகளுக்குப் போகிறார்கள். 2023-லும் 2024-லும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்து திராட்சை மகசூலைக் கடுமையாகக் குறைத்தன. தென்கரையில் வ்லிகாதாவில் 1945-ல் தொடங்கப்பட்ட தக்காளித் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். குடிக்கவும் குளிக்கவும் நீச்சல்குளங்களை நிரப்பவும் தேவையான தண்ணீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது.

பூமியும் அவ்வப்போது எச்சரிக்கிறது. 1956 நிலநடுக்கத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் ஊரைவிட்டே போனார்கள். 2025 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள் தொடர்ந்தபோது 11,000-க்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேறினர். கோடையில் கப்பல்கள் வழக்கம்போல் வந்தன.

பயணி செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாறை விளிம்பு உணவகங்களில் தட்டுக்கும் பணம், காட்சிக்கும் பணம். பிர்கோஸ், மெகாலோகோரி போன்ற உள்கிராமங்களின் தவேர்னாக்களில் காட்சி குறைவு, விலையும் குறைவு. கிரேக்கர்கள் இரவு ஒன்பதுக்குப் பிறகே சாப்பிட உட்காருகிறார்கள். தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். கேட்காமல் வரும் ரொட்டிக்கும் பில்லில் காசு இருக்கலாம். ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை என்பது அங்கே சட்டம். ஃபாவா உள்ளூர் விளைச்சல்தானா என்று கேட்பதும் நல்லது. வெளியூர்ப் பருப்பு மலிவு. சான்டோரினி ஃபாவா என்ற பெயரோ ஐரோப்பியச் சட்டப்படி இந்தத் தீவுக்கும் சுற்றியுள்ள சில குட்டித் தீவுகளுக்கும் மட்டுமே சொந்தம்.

சூரியன் நாளையும் ஈயாவில் மறையும். அதற்கு யாரும் பாடுபட வேண்டியதில்லை. 3,600 ஆண்டுகளுக்கு முன் ஜாடியில் இருந்த பருப்பு அப்படியல்ல. ஒவ்வோர் ஆண்டும் யாராவது நிலம் வைத்திருந்து விதைத்தால்தான் அது தட்டுக்கு வரும்.