20, 45, 75: புதுத் தொழிலுக்கும் வேகக் கட்டுப்பாடு உண்டு

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "சார், என் பையன் புனேயில நல்ல வேலையை விட்டுட்டு ஸ்டார்ட் அப் தொடங்கப் போறானாம். அவங்கம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. உங்க வீட்லயும் இது நடந்ததுதானே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

விழாக் கூட்டத்தில் நின்றபடி சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். நாக்பூரில் இதே கவலையோடு வேறு சில தமிழ்க் குடும்பங்களும் இருப்பதை அறிவேன். ஆகவே அந்தப் பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து, 1981-இல் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து ரயில்வேயில் சேர்ந்தவன். 37 வருடம் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்து 2018-இல் ஓய்வு பெற்றேன். மகன் இதில் இறங்கியதால் நானும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

பெட்டிக்கடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெட்டிக்கடையும் புதுத் தொழில்தான். ஆனால் பத்துக் கடை வைக்க வேண்டுமானால் பத்துக் கடைக்காரர் வேண்டும். சாஃப்ட்வேரை ஒரு முறை எழுதிவிட்டால் நூறு பேரும் பயன்படுத்தலாம், லட்சம் பேரும் பயன்படுத்தலாம். அந்த வளர்ச்சியை நம்பி, லாபம் வரும் முன்பே வெளியார் முதல் போட்டுக் கம்பெனியில் பங்கு வாங்கிக்கொள்கிறார்கள். முதல் போட்டவர்கள் வேகமாக வளரச் சொல்வார்கள். பணத்தோடு அவசரமும் சேர்ந்தே வருகிறது.

பணக்கார நாடுகளில் கம்பெனி தொடங்குகிறவனுக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. கடன் அட்டை, ஒழுங்கான முகவரி, நேரத்துக்கு வரும் தபால் எல்லாம் அங்கே தயார். போட்ட தண்டவாளத்தில் வண்டியை ஓட்டினால் போதும். நம்மைப் போன்ற நாடுகளில் தொடங்குகிறவன் தண்டவாளத்தையும் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜெயித்தவர்களின் கதையைப் பார்த்தால் இது விளங்கும்.

பஸ் டிக்கெட்டும் புத்தகமும்

2005 தீபாவளிக்கு ஹைதராபாத் போக பெங்களூரில் பஸ் டிக்கெட் கிடைக்காமல் திண்டாடினார் ஃபணீந்திர சாமா என்ற இளம் இஞ்சினியர். ரயில்வேயில் 1980-களின் நடுவிலேயே டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு வந்துவிட்டது. தனியார் பஸ்ஸில் 2005-இலும் எந்த வண்டியில் எத்தனை சீட் காலி என்று ஒருவருக்கும் தெரியாது. ஏஜென்டுகளிடம் சீட்டுகள் சிதறிக் கிடக்கும். ஒரு ஏஜென்டிடம் இல்லை என்றால் இன்னொருவரைத் தேடி ஓட வேண்டும்.

அவரும் இரு நண்பர்களும் 2006-இல் ரெட்பஸ் தொடங்கினார்கள். முதலில் பஸ் முதலாளிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கப் போனார்கள். யாரும் சீந்தவில்லை. நோட்டும் பேனாவும் வைத்து நன்றாக நடக்கும் தொழிலில் இது எதற்கு என்ற எண்ணம். சரி என்று கொஞ்சம் சீட்டுகளைக் கேட்டு வாங்கித் தாங்களே விற்றுக் காட்டினார்கள். சீட் நிரம்புவதைப் பார்த்த பிறகுதான் முதலாளிகளுக்கு நம்பிக்கை வந்தது. அதன்பின் அதே முதலாளிகளுக்கு முன்பதிவு சாஃப்ட்வேரும், ஏஜென்டுகளுக்குத் தனி ஏற்பாடும் கொடுத்தார்கள். யாரிடமிருந்து தொழிலைப் பறிப்பார்கள் என்று நினைத்தோமோ அந்த ஏஜென்டுகளையே கூட்டாளி ஆக்கிக்கொண்டார்கள். 2013-இல் ஐபிபோ குழுமம் அந்தக் கம்பெனியை வாங்கியது.

ஃபிளிப்கார்ட் கதையும் இப்படித்தான். 2007-இல் பெங்களூரில் புத்தக விற்பனையாகத் தொடங்கியது. அப்போது நம்மில் எத்தனை பேர் முகம் தெரியாத கம்பெனிக்கு முன்பணம் கட்டுவோம்? 2010-இல் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொந்த ஆட்களையும் வைத்தார்கள். வேண்டாமென்று திரும்பி வரும் பொருள்களால் நஷ்டம் உண்டு, கையில் புழங்கும் ரொக்கத்தால் தலைவலியும் உண்டு. தெரிந்துதான் செய்தார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் அந்தச் செலவுதான் தண்டவாளம். 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து அதன் பெரும்பங்கை வாங்கியது.

ஊருக்குப் பணம் அனுப்பும் கதை

நம் தலைமுறைக்கு நன்றாகப் புரியக்கூடிய உதாரணம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நாம் மாதா மாதம் ஊருக்கு மணியார்டர் அனுப்பியது போல, கென்யாவில் நைரோபியில் வேலை பார்ப்பவர்களும் கிராமத்துக்குப் பணம் அனுப்ப வேண்டும். பலருக்கு பாங்க் கணக்கு கிடையாது. பஸ்காரரிடமும் தெரிந்தவரிடமும் கொடுத்தனுப்புவார்கள். பலர் கையில் மொபைல் போன் மட்டும் வந்துவிட்டது.

சஃபாரிகாம் என்ற போன் கம்பெனி 2005-இல் ஒரு சோதனை நடத்தியது. சிறு கடன் வாங்கியவர்கள் போன் மூலம் தவணை கட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஜனங்களோ அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் பிடிவாதம் பிடிக்காமல் திட்டத்தையே மாற்றிக்கொண்டு, 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற பெயரில் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். பெசா என்றால் சுவாஹிலி மொழியில் பணம், நம் பைசாதான்.

அதற்கு உயிர் கொடுத்தவை மூலைக்கு மூலை இருந்த சிறு கடைகள். கடைக்காரரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் உங்கள் போன் கணக்கில் ஏற்றுவார். கிராமத்தில் இன்னொரு கடைக்காரர் அதை ரொக்கமாகத் தருவார். கடைக்காரரிடம் ரொக்கமும் போன் கணக்கில் இருப்பும் எப்போதும் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று தீர்ந்தாலும் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார், மறுபடி வரமாட்டார். ஆகவே கடைகளைச் சேர்ப்பதிலும், அவர்களுக்குப் போதிய கமிஷன் கிடைக்கச் செய்வதிலும், இருப்பைக் கண்காணிப்பதிலும்தான் கம்பெனியின் உழைப்பு போயிற்று.

அதே எம்-பெசா 2013-இல் வோடஃபோன் மூலம் இந்தியாவுக்கும் வந்தது. இங்கே பாங்கோடு சேர்ந்து நடத்த வேண்டிய விதிமுறைகள் வேறு. 2016-இல் யு.பி.ஐ. வந்து, பாங்கிலிருந்து பாங்குக்கு நேராகப் பணம் அனுப்ப வழி திறந்தது. 2019-இல் எம்-பெசா இங்கே மூடப்பட்டது. மீட்டர் கேஜ் எஞ்சின் எவ்வளவு நல்ல எஞ்சினானாலும் பிராட் கேஜில் ஓடாது என்பது எங்களுக்குத் தெரிந்த பாடம்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் மகன் 2017-இல் இரண்டு நண்பர்களோடு தொழில் தொடங்கினான். நாக்பூரில் வாடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தெரு முழுக்க டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள். சரக்கு இறக்கிய லாரி திரும்பும்போது காலியாகப் போகக் கூடாது, அதற்குப் போன் மூலம் சரக்கு பிடித்துக் கொடுப்பது என்பது திட்டம். நல்ல யோசனைதான். ஓய்வுப் பணத்திலிருந்து எட்டு லட்சம் கொடுத்தேன். என் மனைவி, "கொடுங்க, ஆனா திரும்பி வரும்னு எழுதி வச்சுக்காதீங்க" என்றாள்.

ஒன்றரை வருடம் நன்றாக நடந்தது. 2018 கடைசியில் வெளி முதலீடு கிடைத்தது. 2019-இல் ஒரே வருடத்தில் ராய்ப்பூர், இந்தூர், ஹைதராபாத் என்று ஐந்து ஊரில் ஆபீஸ் திறந்தார்கள். அந்தத் தீபாவளியில் நானே சங்கத்தில் பலரிடம் "ஐந்து ஊர்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

2020 பிப்ரவரியில் கம்பெனி மூடப்பட்டது. கொரோனா ஊரடங்கு அதற்குப் பிறகுதான் வந்தது, அதன் மேல் பழி போட முடியாது. காரணம் சாதாரணக் கணக்கு. ஒரு நடைக்கு வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரருக்கு டீசலுக்கும் சுங்கத்துக்கும் உடனே பணம் வேண்டும். அவருக்கு 19,000 போக, கம்பெனிக்கு மிச்சம் 1,000. சரக்கு அனுப்பிய மில்லோ 60 நாள் கழித்துத்தான் பணம் தரும். தினம் 10 லாரி என்றால் 60 நாளில் வெளியே நிற்கும் பணம் 1 கோடியே 14 லட்சம். தினம் 50 லாரி என்றால் 5 கோடியே 70 லட்சம். வியாபாரம் பெருகப் பெருகக் கையிருப்பு கரையும். ஏட்டில் லாபம் இருக்கும், பெட்டியில் பணம் இருக்காது.

நாக்பூரில் மட்டும் இருந்தபோது மகன் வாரா வாரம் நேரில் போய் உட்கார்ந்து பணம் வாங்கிவருவான். ஐந்து ஊருக்கு யார் போவது? புது ஊரில் எந்த மில் நேரத்துக்குப் பணம் தரும், எது இழுத்தடிக்கும் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

அன்று இரவு அவன், "அப்பா, உங்க பணமும் போச்சு" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்திருந்த பாடம்

தண்டவாளத்துக்கு அடியில் உள்ள ஜல்லியை அள்ளிச் சலித்து மீண்டும் போட்டால், உடனே எக்ஸ்பிரஸை முழு வேகத்தில் விடமாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர்தான். வண்டிகள் போகப் போக ஜல்லி அமுங்கும். பள்ளம் விழுந்த இடத்தைக் கேங்மேன்கள் மீண்டும் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அளந்து பார்த்துச் சரியாக இருந்தால் 45, பிறகு 75, அதன் பிறகே முழு வேகம். இயந்திரத்தால் செய்தால் பத்து நாள்வாக்கில் முடியும், கைவேலை என்றால் மூன்று வாரம் ஆகும். வண்டி ஓடாமல் ஜல்லி இறுகாது, வேகமாக ஓட்டினாலோ வண்டி தடம் புரளும். மேலே பார்த்தால் பாதை முதல் நாளிலேயே அழகாகத்தான் தெரியும்.

37 வருடம் இதைச் செய்தவன், மகன் 20-இலிருந்து நேரே 100-க்குத் தாவியபோது வாயைத் திறக்கவில்லை. சாஃப்ட்வேர் விஷயம், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கிவிட்டேன். அதுதான் என் தவறு.

வெளிப்பணம் வாங்காமல் நிதானமாக வளர்ந்தவர்களும் உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ, சம்பாதித்ததை வைத்தே வளர்ந்தது. 2011-இல் எங்கள் பக்கத்து மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்தது. பள்ளிப் படிப்பும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளைத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுப்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

மகன் இரண்டு வருடம் ஹைதராபாத்தில் வேலை பார்த்து, ஊழியர்களின் சம்பளப் பாக்கியைத் தீர்த்தான். 2022-இல் மறுபடி தொடங்கினான். இப்போது லாரி வாடகையில் கை வைப்பதில்லை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு பில்டி, இ-வே பில், கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் மட்டும். மாதச் சந்தா முன்பணமாக வந்துவிடும். ஒன்றரை வருடம் நாக்பூரைத் தாண்டவில்லை. பிறகு ராய்ப்பூர். மூன்றாவது ஊருக்குப் போகும் முன் என்னிடம் வந்து, "அப்பா, 45 ஆச்சு. 75 போகலாமா?" என்று கேட்டான். ராய்ப்பூரில் எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பித்தார்கள் என்று கேட்டேன். எழுதிக் கொண்டுவந்து காட்டினான்.

நண்பருக்கு நான் சொல்வது இதுதான். பையனைத் தடுக்காதீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். பணம் யாரிடமிருந்து, எத்தனை நாளில் வரும்? இந்த ஊரில் உன்னை நம்புகிறவர் யார், அடுத்த ஊரில் யார்? முதல் ஊரில் என்ன அமுங்கியது, அதைச் சரிசெய்துவிட்டாயா? பணம் கொடுப்பதானால் போனாலும் வீடு நடக்கும் அளவுக்கு ஒரு தொகையை முன்பே முடிவு செய்யுங்கள். குடியிருக்கும் வீட்டையும் பென்ஷனையும் தொடாதீர்கள்.

அவங்கம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். எட்டு லட்சத்தில் மூன்று லட்சத்தை என் மகன் திருப்பிக் கொடுத்துவிட்டான். என் மனைவி அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.