தலைவிதியும் சாலைவிதியும்



தமிழில் ‘விதி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஊழ் என்பது ஒன்று. ஒழுங்குமுறை என்பது மற்றொன்று. சாலையில் ஓர் உயிர் போனால் நாம் முதற்பொருளையே நினைக்கின்றோம், இரண்டாவதை மறந்துவிடுகின்றோம். அம்மறதியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

எனது ஊர் மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களுள் அதுவும் ஒன்று. இன்று ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் செல்லும் ஆலைப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் இரவு பகலாக ஓடுகின்றன.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் பதினாறு வயதிலேயே தந்தையின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வருவான். தலைமையாசிரியனாகிய நான் கண்டிக்கவில்லை. அதுமட்டுமா? சுண்ணக்கட்டிப் பெட்டி வாங்கிவரப் படப்பைக்கு அவனையே அனுப்பினேன். பின்னாளில் அவன் ஆலை வேலைக்குச் சேர்ந்தான். ஓரிரவு வேலை முடிந்து திரும்புகையில், வளைவில் லாரியொன்றை முந்த முயன்று மாண்டான். துக்கம் கேட்கச் சென்றேன். “அவன் விதி அவ்வளவுதான், ஐயா” என்றார் தந்தை. நானும் தலையசைத்தேன். வீடு திரும்பும்வரை அந்தச் சுண்ணக்கட்டிப் பெட்டியே என் நினைவில் நின்றது.

ஆபத்தாக வண்டி ஓட்டுவோரைத் திருத்தும் வழி யாது? அபராதம் என்பர் பலர். ஆனால் அபராதத்திற்கு நினைவாற்றல் இல்லை. பணமுடையவன் அதைச் சுங்கக் கட்டணம் போலச் செலுத்திவிட்டு மீண்டும் விரைவான். பள்ளிக்கு ஒருநாள் தாமதமாக வருபவனும் நாள்தோறும் தாமதமாக வருபவனும் ஒருவரல்லர். அவ்வேறுபாட்டைக் காட்டுவது வருகைப் பதிவேடு. அத்தகைய பதிவேடே தண்டப்புள்ளி முறை.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1983 முதல் இம்முறை நடைபெறுகின்றது. அங்கே சிவப்பு விளக்கை மீறினால் 12 புள்ளிகள். 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் நிறுத்திவைக்கப்படும். ஓராண்டு குற்றமின்றி ஓட்டினால் பழைய புள்ளிகள் நீங்கும். செல்வனுக்கும் ஏழைக்கும் கணக்கு ஒன்றே. திருந்துபவனுக்கு வழியும் உண்டு.

நம் நாட்டில், 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட சாலைப் பாதுகாப்பு வரைவுச் சட்டத்தில் புள்ளிமுறை இடம்பெற்றிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ அதனை விடுத்து அபராதங்களை உயர்த்தியது. எனினும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமத்தைப் பறிக்கும் அதிகாரத்தை அளிக்கின்றது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2014-இல் ஒரு குழுவை அமைத்தது. அளவுமீறிய வேகம், குடிபோதை, செல்பேசி பேசியபடி ஓட்டுதல் முதலிய குற்றங்களுக்கு மூன்று மாதமேனும் உரிமத்தை நிறுத்துமாறு அக்குழு 2015-இல் மாநிலங்களைப் பணித்தது.

2022-இல் தமிழகச் சாலைகளில் இறந்தோர் 17,884 பேர். அவ்வாண்டு இந்தியாவில் நிகழ்ந்த சாலைச் சாவுகளில் நூற்றுக்கு 71 அளவுமீறிய வேகத்தால் நேர்ந்தவை. இதனை ஊழென்று சொல்லலாமா?

பதினெட்டு நிறையாதவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. கண்டும் காணாதிருந்த ஆசிரியனுக்கு அதில் தண்டனை இல்லை. அவன் புள்ளிகளை அவன் மனச்சான்றுதான் எண்ணவேண்டும்.

எல்லா வளைவிலும் காவலர் நிற்க இயலாது. ஆனால் எல்லா வண்டியோட்டிக்கும் நண்பர் உண்டு. “தாம்பரத்திலிருந்து இருபதே நிமிடத்தில் வந்துவிட்டேன்” என்று தோழன் பெருமை பேசும்போது, வியந்து கைதட்டாதீர்கள். “இனி உன் பின்னால் அமரமாட்டேன்” என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லத் தவறிய சொல் அதுவே.