திருச்சிக்குள் ஓர் உச்சி

திருவரங்கம் என்ற பெயரின் எழுத்துகளை மட்டும் வைத்துச் சின்னச் சொற்கள் சொல்லச் சொன்னால், அந்த ஊர்ப் பிள்ளைகள் திரு, கரு, வரம், கரம், கதி, ரகம், வங்கம், திரவம் என்று அடுக்கிவிடுவார்கள். அரங்கம் மட்டும் அகப்படாது. அதற்கு வேண்டிய ‘அ’ பெயரில் தனியாக இல்லை. திருவும் அரங்கமும் சேரும் இடத்தில் வந்த வகர மெய் அந்த அகரத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு ‘வ’ ஆகிவிட்டது.

அந்தக் காலத்துப் புலவருக்கு இது ஒரு தடையே அல்ல. அவர் பிரித்தது ஓசையை. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை. மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. வாய்விட்டுப் படித்து, எங்கே பிரித்தால் பொருள் வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பதுதான் படிப்பு. ‘தாமரை’ பூவாகவும் இருக்கலாம். தா மரை என்று பிரிந்து தாவும் மானாகவும் இருக்கலாம். தாம் அரை என்றும் ஆகலாம். கடைசிப் பிரிப்பில் ‘ம’வுக்குள்ளிருந்து அகரம் வெளியே வந்துவிடுகிறதே, அந்தத் திறப்பில்தான் எனக்குப் பேரானந்தம்.

காவிரிக்கரையில் இது பெருங்கலையாகவே இருந்தது. திருவரங்கத்து மடைப்பள்ளியில் வேலை பார்த்து, திருவானைக்காவில் கவியானதாகச் சொல்லப்படும் காளமேகம் சிலேடையில் பேர்பெற்றார். பதினேழாம் நூற்றாண்டில் பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் திருவரங்கத்தந்தாதியை யமகமாகப் பாடினார். யமகம் என்றால் முதலடி தொடங்கும் எழுத்துகளே மற்ற மூன்று அடிகளிலும் வரும். பிரிக்கும் இடம் மாறும், பொருளும் மாறும். திருச்சியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருச்சிராமலைக்கே ஒரு யமகவந்தாதி எழுதினார். 1871-இல் மாயூரத்தில் அவரிடம் மாணவராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்ட நூல்களில் அந்தாதிகளும் உண்டு. எழுத்தைக் குறைத்துக்கொண்டே போய் வேறு சொல் காணும் அக்கரச்சுதகத்துக்குத் தண்டியலங்காரம் இலக்கணமே சொல்கிறது. பாசுரத்தில் முதலெழுத்தை எடுத்தால் சுரம் மிஞ்சுவது போல.

அச்சு வந்தது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் வந்தது. பிரித்துத் தரப்பட்டதைப் பிரிக்க யார் மெனக்கெடுவார்கள்? பிறகு பத்திரிகைகளின் குறுக்கெழுத்துக் கட்டங்கள், இப்போது செல்போன்.

கட்டத்தில் திருச்சிராப்பள்ளி ஒன்பது எழுத்து. ருசி, ராசி, பசி, பதி, பருதி, பள்ளி எல்லாம் வரும். திருப்பதி வந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் ‘தி’ இரண்டு வேண்டும், இருப்பது ஒன்றே. இந்தக் கண்டிப்பு பிள்ளைகளுக்கு நல்லது; எழுத்துப் பிழை குறையும். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். என் வருத்தம் வேறு. யூனிகோடில் அந்த ஒன்பது எழுத்தும் பதினேழு குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன. ‘தி’யைக் கணினியும் உடைக்கத்தான் செய்கிறது. ஆனால் த் என்றும் இ என்றும் அல்ல. ‘த’ என்றும் மேலே ஒரு கொக்கி என்றும். உடைவது உருவம், உயிரும் மெய்யும் பிரிவதில்லை. விளையாட்டுச் செயலி எழுதுகிறவர் இதைச் சரிசெய்து முழு எழுத்தாகக் கட்டத்தில் வைத்தாலும், உள்ளே இருக்கும் உயிர் பூட்டியபடியேதான் கிடக்கிறது.

பூட்டைத் திறக்க ஒரு விதி போதும்: உயிர்மெய்யை உயிராகவும் மெய்யாகவும் பிரித்துக்கொள்ளலாம். இதை எழுதத் தெரிந்தவர்கள் திருச்சியின் கல்லூரிகளிலேயே நிறைய இருக்கிறார்கள், தயவுசெய்து எழுதுங்கள். அப்போது திருவரங்கத்தில் அரங்கம் கிடைக்கும். ‘ப’வைப் பிரித்தால் பள்ளியில் அள்ளி. ‘ரு’வைப் பிரித்தால், மலைக்கோட்டைப் பிள்ளையார் வீற்றிருக்கும் உச்சி திருச்சிக்குள்ளேயே இருக்கிறது.