மாஞ்சா இல்லாத பட்டப்போர்

ஜப்பானின் ஹமாமட்சு நகரத்தில் ஆண்டுதோறும் மே 3, 4, 5 ஆகிய மூன்று நாட்களும் பட்டத் திருவிழா. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில், பசிபிக் கடலை ஒட்டி இருக்கும் தொழில் நகரம் இது. யமஹா தொரகுசு 1887-இல் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்மோனியப் பெட்டியைப் பழுதுபார்க்கப் போய்த்தான் இசைக்கருவித் தொழிலுக்கு வந்தார். சுசுகி மிச்சியோ 1909-இல் நெசவுத்தறி செய்யும் பட்டறையைத் தொடங்கியதும், ஹோண்டா சோய்ச்சிரோ 1946-இல் சைக்கிளில் சின்ன மோட்டார் பொருத்தி விற்க ஆரம்பித்ததும் இதே ஊரில்தான். இயந்திரங்களோடு பழகிய இந்த ஊர், வசந்த விடுமுறை வந்ததும் வேலையை ஓரமாக வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் பட்டம் விடக் கிளம்பிவிடுகிறது.

பட்டத் திருவிழாக்கள் உலகில் நிறைய உண்டு. ஹமாமட்சுவைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரே காரணம், அங்கே நடக்கும் சண்டை. நூற்றுக்கு மேற்பட்ட பட்டங்கள் ஒரே வானத்தில் ஒன்றையொன்று அறுக்கின்றன. கயிற்றில் கண்ணாடித்தூள் கிடையாது, பசை கிடையாது, கத்தியும் கிடையாது. வெறும் நார்க்கயிறு, இன்னொரு நார்க்கயிற்றை அறுத்துவிடுகிறது. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் இல்லாமல் 'டீல்', அதாவது பட்டச் சண்டை, போட முடியாது என்று நம்பும் நமக்கு, இது எப்படி நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில் களம். நகரத்தின் தென்கோடியில் நகடஜிமா என்ற மணல்மேடுகள் இருக்கின்றன. அவற்றை ஒட்டிய பரந்த வெளியில்தான் பட்டம் ஏறுகிறது. மே மாத வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிவிடும், கடல் அவ்வளவு வேகமாகச் சூடாகாது. நிலத்துக்கு மேலே உள்ள காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சென்னைவாசிகள் பிற்பகலில் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அதே கடற்காற்றுதான். கடல் தெற்கே, ஊர் வடக்கே. ஆகவே கடற்காற்று பிடித்துவிட்டால் எல்லாப் பட்டங்களும் ஊர்ப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

போட்டியிடுபவர்கள் தனி ஆட்கள் அல்ல, பேட்டைகள். நகரத்தின் 170-க்கும் மேற்பட்ட பேட்டைகள் ஒவ்வொன்றும் ஓர் அணி. ஒவ்வொரு பேட்டைக்கும் பட்டத்தில் வரைய ஒரு சின்னம் உண்டு. சிலவற்றுக்கு ஒற்றை எழுத்து, சிலவற்றுக்குப் படம். அந்தச் சின்னத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே இது எந்தப் பேட்டை என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரே மாதிரி மேற்சட்டை அணிந்த ஆண்களும் பெண்களும், ராணுவத்தில் ஊதுவது போன்ற எக்காளம், விசில், 'ஒய்ஷோ, ஒய்ஷோ' என்று விடாத கூப்பாடு. பட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

சின்னம் பட்டத்தின் நடுவே பெரிதாக இருக்கும். ஓரமாகப் பார்த்தால் சின்ன எழுத்தில் ஒரு பெயர் தெரியும். அந்த ஆண்டு அந்தப் பேட்டையில் முதல் திருவிழாவைக் காணும் குழந்தையின் பெயர் அது. கூடவே குடும்பத்தின் முத்திரையும் இருக்கும். குழந்தை பிறந்த வீட்டுக்காக ஏற்றப்படும் இந்த முதல் பட்டத்துக்கு 'ஹட்சுதாக்கோ' என்று பெயர். முன்பு தலைச்சன் ஆண்பிள்ளைக்கு மட்டும் ஏற்றினார்கள். இப்போது பெண்குழந்தைகளின் பெயரும் வானம் ஏறுகிறது. இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மே 5 ஜப்பானில் குழந்தைகள் தினம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த விழா யாருக்கானது என்று விளங்கும்.

பதினாறாம் நூற்றாண்டில், எய்ரொக்கு என்ற ஆட்சிக்காலத்தில் (1558–1570), அங்கிருந்த ஹிகுமா கோட்டைத் தலைவனுக்கு மகன் பிறந்தபோது பிள்ளையின் பெயரை எழுதிப் பட்டம் விட்டார்கள், அதிலிருந்து வந்த வழக்கம் இது என்பது ஊர்க்கதை. கோட்டைத் தலைவன் வீட்டு வழக்கம் இன்று சாதாரண வீடுகளின் வழக்கமாக இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி பட்டத்தைப் பார்ப்போம். மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன்மேல் ஜப்பானியக் கைக்காகிதம் ஒட்டிய சதுரம். பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டர் வரை இருக்கும். நம் வீட்டு அறை ஒன்றின் தரை அப்படியே எழுந்து பறக்கிற மாதிரி. இவ்வளவு பெரிய பரப்பைக் காற்று எவ்வளவு பலத்தோடு இழுக்கும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் இலைகளும் சிறு கொம்புகளும் ஓயாமல் அசைகிற அளவுக் காற்று. அது ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது தரும் அழுத்தம் தோராயமாக ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். பக்கத்துக்கு 3 மீட்டர் உள்ள பட்டத்தின் பரப்பு 9 சதுர மீட்டர். எனவே கயிற்றில் விழும் இழுவை 13, 14 கிலோ இருக்கும். இதை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். காற்றின் வேகம் 10 மீட்டராக இரட்டித்தால் இழுவையும் இரட்டிப்பாகும் என்று நினைப்போம். அப்படி ஆகாது, நான்கு மடங்காகும். காற்றின் வேகத்தை அதே எண்ணால் பெருக்கிக் கிடைக்கும் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் அழுத்தம் கூடுகிறது. 55 கிலோ எடையை ஒற்றை ஆள் எத்தனை நேரம் பிடித்து நிற்க முடியும்? அதனால்தான் ஒரு பட்டத்துக்கு ஒரு கூட்டமே தேவைப்படுகிறது. கயிறும் 5 மில்லிமீட்டர் கனத்தில், சணல் வகை நாரில் முறுக்கிய கயிறாக இருக்கிறது.

பட்டத்தின் உயிர் இருப்பது சூத்திரத்தில். யாழ்ப்பாணத்தில் முச்சை என்பார்கள். பட்டத்தின் பல இடங்களிலிருந்து வரும் நூல்களை ஒரே முடிச்சில் சேர்த்து, அந்த முடிச்சிலிருந்து பிடிகயிற்றைக் கட்டுகிறோமே, அதுதான். இந்த முடிச்சு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பட்டம் காற்றுக்கு எந்தச் சாய்வில் முகம் காட்டும் என்பது முடிவாகிறது. சாய்வு சரியாக இருந்தால், பட்டத்தின்மேல் மோதும் காற்று கீழ்நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. அதற்கு எதிர்வினையாகப் பட்டம் மேலே தள்ளப்படுகிறது. விமானத்தின் இறக்கைக்கும் இதே விதிதான். முடிச்சு கீழே இறங்கிவிட்டால் பட்டம் காற்றுக்கு நேராக நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அப்போது இழுவை அதிகமாகும், உயரம் கிடைக்காது. முடிச்சு மேலே ஏறிவிட்டால் காற்று பிடிபடாமல் துடித்துக் கீழே விழும். காலையில் களத்துக்குப் போனால், பட்டத்தைத் தரையில் கிடத்திவைத்து அணியின் மூத்தவர்கள் இந்த முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருப்பார்கள். அந்த வேலையை அருகில் நின்று பாருங்கள். அன்றைய சண்டையில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

இப்போது சண்டைக்கு வருவோம். ஓர் அணி தன் கயிற்றைக் கொண்டுபோய் எதிரணியின் கயிற்றுக்குக் குறுக்கே போடுகிறது. கயிற்றைச் சுற்றி வைத்த மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சிலர் ஓடுவார்கள். இன்னும் சிலர் உருளை பொருத்திய ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் மாட்டி, அதைத் தரையை நோக்கி அமுக்கிக்கொண்டு பட்டம் இருக்கும் திசையில் ஓடுவார்கள். உருளை நகர நகரக் கயிறு இறங்கும், பட்டம் கிட்டே இழுபடும். விட்டால் கயிறு சரசரவென்று ஓடும். இப்படி இழுப்பதும் விடுவதுமாகக் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் இரண்டு கயிறும் உரசுகிற இடத்தில் நார் தீய்ந்த வாசனை வரும். பிறகு ஒன்று அறுந்துபோகும்.

இரண்டும் ஒரே கயிறுதானே, அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் அறுகிறது? இந்தக் கட்டுரையின் மையமே இந்தக் கேள்விதான்.

உராய்வு வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் உரசுகிற இரண்டு கயிற்றுக்கும் ஏறக்குறையச் சமமாகப் போகிறது என்றே எளிமைக்காகக் கொள்வோம். ஆனால் ஒரு கயிறு ஓடுகிறது, மற்றது நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் கயிற்றின் ஒவ்வொரு பகுதியும் உரசும் இடத்தை ஒரு கணம்தான் தொடுகிறது. தொட்டதும் நகர்ந்துபோய்க் காற்றில் ஆறிவிடுகிறது. 30 மீட்டர் கயிறு ஓடினால், அதன் பங்கு வெப்பம் 30 மீட்டர் நீளத்தில் பரவிவிடும். நிற்கும் கயிற்றுக்கு அந்த வசதி கிடையாது. அதன் பங்கு முழுவதும் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரே இடத்தில் இறங்குகிறது. 30 மீட்டரை 5 மில்லிமீட்டரால் வகுத்தால் 6,000. நிற்கும் கயிற்றின் அந்த ஒரு புள்ளி, ஓடும் கயிற்றின் எந்தப் புள்ளியையும்விட 6,000 மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. நார் கருகும், ஒவ்வொரு இழையாக விடும். மேலே பட்டம் இழுத்துக்கொண்டே இருப்பதால் மிச்ச இழைகள் தாங்காமல் பட்டென்று அறும்.

ஆக, அசையாமல் இறுக்கிப் பிடிப்பவர் தோற்கிறார். பயத்தில் கயிற்றை இறுகப் பிடித்து நிற்பதைவிட மோசமான ஆட்டம் வேறு இல்லை. விடுபவரோ இழுப்பவரோ, யாருடைய கயிறு வேகமாக ஓடுகிறதோ அவர் பக்கம்தான் வெற்றி. வடசென்னை மொட்டைமாடியில் பையன்கள் 'டீல் விடு, டீல் விடு' என்று கத்துவதற்குப் பின்னால் இருப்பதும் இதே இயற்பியல்தான். மலையேறுபவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். பாரம் தாங்கி நிற்கும் நைலான் வாரின் மேல் இன்னொரு கயிறு ஓடக் கூடாது என்பது அவர்கள் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று. ஓடும் கயிறு, நிற்கும் வாரை உருக்கி அறுத்துவிடும்.

இந்த இயற்பியல் தெரிந்த பிறகு மாஞ்சாவைப் பார்த்தால் அதன் அவலட்சணம் புரியும். கண்ணாடியை இடித்துத் தூளாக்கி, வஜ்ஜிரம் காய்ச்சி, சாயம் கலந்து நூலில் பூசுகிறோம். கயிற்றை வேகமாக ஓட்டும் திறமை செய்ய வேண்டிய வேலையைக் கண்ணாடிப் பல் செய்துவிடுகிறது. சண்டை சீக்கிரம் முடிகிறது. ஆனால் அறுந்த நூல் தெருவில் தொங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய நூல்மேல் இரண்டு சக்கர வண்டியில் ஒருவர் மோதினால், அத்தனை விசையும் மயிரிழை அகலத்தில் கழுத்தில் இறங்குகிறது. எத்தனை உயிர்கள் இப்படிப் போயின! நைலான் மாஞ்சா இன்னும் கொடுமையானது. மக்காது, மரத்திலும் கம்பியிலும் தங்கிப் பறவைகளின் இறக்கையை அறுத்துக்கொண்டே இருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் நைலான் மாஞ்சாவுக்குத் தடை விதித்தது. லாகூரில் வசந்தத்தை வரவேற்கும் பசந்த் பட்ட விழாவே, கண்ணாடி பூசிய நூலும் உலோகக் கம்பியும் வாங்கிய உயிர்ப்பலியால் 2005-இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்தின் தடைக்கு ஆளானது. வசந்த காலத்தின் மகத்தான நகர விழா ஒன்று நூலின் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றது.

ஹமாமட்சுவில் போட்டியின் வெறி குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். வெறியை அவர்கள் கயிற்றின் கனத்திலும் களத்தின் இடத்திலும் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் கயிறு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சண்டை தெருவில் நடப்பதில்லை, கடலோர வெளியில் நடக்கிறது. ஓடும் கயிறு உள்ளங்கையைச் சுட்டுவிடும் என்பதால் ஆட்டக்காரர்கள் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். அபாயம் விளையாடுபவரோடு நிற்கிறது, வழிப்போக்கரிடம் போவதில்லை.

மாலையில் பட்டங்கள் இறங்கியதும் விழா ஊருக்குள் வருகிறது. மரச்சிற்பம் நிறைந்த, விளக்குகள் தொங்கும் மண்டப வண்டிகளைத் தெருத் தெருவாக இழுத்து வருகிறார்கள். குழலும் மேளமும் வாசிப்பவர்கள் பெரும்பாலும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பிறகு பேட்டைக்காரர்கள் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய், ஒருவரையொருவர் நெருக்கியடித்துத் தரையை மிதித்து ஆடி வாழ்த்துகிறார்கள். வீட்டார் உணவும் சாக்கே மதுவும் கொடுத்து உபசரிப்பார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: டோக்கியோவிலிருந்து ஹிகாரி புல்லட் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அது ஜப்பான் முழுவதும் விடுமுறையில் இருக்கும் வாரம் என்பதால் தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவைக்க வேண்டும். களத்தில் பார்வையாளர் எல்லையைத் தாண்டாதீர்கள். காற்று திடீரென்று விழுந்தால் அறை அளவுப் பட்டம் தலைமேல் இறங்கும், தளர்ந்த கயிறு தரையோடு சீவிக்கொண்டு வரும். மழையானாலும் காற்று இல்லாவிட்டாலும் பட்டம் ஏறாது என்பதால் மூன்று நாளில் ஒரு நாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

போக முடியாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் பிள்ளைகள் காத்தாடி கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கூடவே பூச்சு எதுவும் இல்லாத சாதாரணப் பருத்தி நூல் வாங்கிக் கொடுங்கள். மின்கம்பியும் சாலையும் இல்லாத மைதானத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். பிள்ளைகள் இரண்டு பேர் நூலை நூலோடு பின்னி டீல் போடட்டும். நேரம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், ஆனாலும் நூல் அறும்.