வீட்டுக் குளிர்சாதனம் பொருத்தும் செலவு

மதுரைக்கு வடகிழக்கே சுமார் 21 கிலோமீட்டரில், அழகர்மலை அடிவாரத்தில் அமைந்த அழகர்கோவில் வட்டாரத்தில் வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. குளிர்விக்கும் செலவே உண்டு. ஏசியின் விலை அதில் ஒரு பகுதிதான். 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. வெளி அலகுக்கான ஸ்டாண்டு, தனி மின்கம்பி, ஸ்டெபிலைசர் ஆகியவை பெரும்பாலும் தனிக்கணக்கு. உடன் வரும் செப்புக்குழாய் பொதுவாக 3 மீட்டரே. வெளி அலகை மொட்டை மாடியில் வைத்தால் மிகுதிக் குழாய்க்கு அளந்து பணம் தர வேண்டும். வீட்டுக்காரர் எதிர்பாராத செலவு இதுவே.

கான்கிரீட் தளம் பகல் வெயிலை வாங்கி இரவில் அறைக்குள் விடும். தட்டோடு பதித்தோ வெள்ளைப் பூச்சு அடித்தோ வெயிலைத் தடுத்தால் 1.5 டன்னுக்குப் பதில் 1 டன் ஏசியே போதுமானதாகலாம். மின்கட்டணத்திலும் இது தெரியும்: தமிழ்நாட்டில் வீட்டுப் பயன்பாடு இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101ஆவது யூனிட்டிலிருந்தே கட்டணம் உயர்கிறது.